என் கணவரின் ஃபைலைத் திறக்கப்போகும் விசா அதிகாரிக்கு

மதிப்பிற்குரிய அதிகாரி அவர்களுக்கு,

வணக்கம். இன்னும் பத்து நாளில் கும்பகோணத்திலிருந்து ஒரு ஃபைல் உங்கள் மேசைக்கு வரும். நீல நிற ஃபைல், 64 பக்கம், ஒவ்வொரு பக்கத்திலும் கீழே வலது ஓரத்தில் பென்சிலில் எண் போட்டிருக்கும். விண்ணப்பம் என் கணவருடையது. கேட்பது 14 நாள் குறுகிய கால விசா, என்னைப் பார்க்க இரண்டாவது முறை வருவதற்கு. தாள்களைச் சேர்த்து அடுக்கியது நான். உங்கள் நாட்டில் இரண்டு வருட ஆய்வு வேலையில் இருக்கிறேன். அவர் ஊரில் பாத்திரக்கடை வைத்திருக்கிறார்.

உங்கள் நாடு எது என்று இங்கே எழுதப்போவதில்லை. ஐரோப்பாவில் ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஷெங்கன் பகுதியில் 29 நாடுகள் இருக்கின்றன, குறுகிய கால விசாவுக்கு விதி எல்லோருக்கும் ஒன்றுதான். எந்த மேசையில் இருந்து படித்தாலும் பொருந்தும். தமிழில் எழுதினால் எப்படிப் படிப்பது என்று கேட்பீர்கள். எங்கள் பட்டாவையும் பத்திரத்தையும் பக்கத்துக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து மொழிபெயர்த்து உங்களிடம் தருகிறோம். ஒரு தடவை நீங்கள் மொழிபெயர்த்துப் படியுங்கள், தப்பில்லை.

முதலில் ஆடி மாதத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஆடியில் எங்கள் பக்கம் கல்யாணம் வைக்க மாட்டார்கள். கல்யாணம் இல்லையென்றால் சீர்வரிசைப் பாத்திரம் போகாது, குத்துவிளக்கு போகாது, பித்தளை அண்டா போகாது. வைகாசியில் தண்ணீர் குடிக்க நேரம் இல்லாத கடையில் ஆடியில் ஈ ஓட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அதனால்தான் முதல் பயணத்துக்கு அவர் 2025 ஜூலையில் வருவதாக முடிவு செய்தோம். புதுசாகக் கல்யாணம் ஆனவர்களை ஆடியில் பிரித்துவைப்பது ஊர் வழக்கம். வருஷம் முழுக்கப் பிரிந்திருந்துவிட்டு ஆடியில் மட்டும் சேர்ந்திருக்கப்போகிற ஜோடி நீங்கள்தான் என்று அத்தை சிரித்தார். ஏன் ஜூலை என்று உங்கள் படிவம் கேட்பதில்லை. கேட்டிருந்தால், ஆவணி பிறந்தால் முகூர்த்தம் தொடங்கிவிடும், அதற்குள் அவர் கடையில் நின்றாக வேண்டும் என்று அங்கேயே எழுதியிருப்போம்.

படிவம் கேட்பதெல்லாம் வேறு. 2009இல் இயற்றி 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த விசா விதித்தொகுப்பின் பின்னிணைப்பில் துணை ஆவணங்களின் பட்டியல் இருக்கிறது. அதில் ஒரு பாதி சுலபம். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு, தங்குமிடச் சான்று, போக வர விமான முன்பதிவு, அளவு பிசகாத போட்டோ. நான் இருக்கும் நகரத்தின் அலுவலகத்தில் வரிசையில் நின்று வாங்கிய உத்தரவாதப் படிவம், என் வேலை ஒப்பந்தம், வாடகை ஒப்பந்தம், குடியிருப்பு அட்டையின் நகல். இதெல்லாம் காசும் பொறுமையும் இருந்தால் ஒரு வாரத்தில் கைக்கு வந்துவிடும். (விமான முன்பதிவு இருந்தால் போதும் என்றுதான் விதி சொல்கிறது. ஆனாலும் முழுப்பணம் கட்டி டிக்கெட் எடுத்தால்தான் நம்புவார்கள் என்று சொல்லி எத்தனை பேரிடம் காசு பிடுங்குகிறார்கள் என்று உங்களுக்குத் தெரியுமா?)

இன்னொரு பாதிதான் கஷ்டம். திரும்பிப் போவார் என்பதற்கான அடையாளங்கள். ஊரில் வேலை, வருமானம், சொத்து, குடும்பப் பிணைப்பு. இதில் குடும்பப் பிணைப்பு என்ற சொல்லைப் படித்துவிட்டு நான் கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். மனைவி ஊரில் இருந்து புருஷன் மட்டும் சுற்றிப்பார்க்கப் போனால் அந்தப் பிணைப்பு அவருக்குச் சாதகம். மனைவியைப் பார்க்கவே போகிறார் என்றால் அதே பிணைப்பு அவருக்கு எதிராகத் திரும்பிவிடுகிறது. போக என்ன காரணமோ அதுவே திரும்பமாட்டார் என்று சந்தேகப்படவும் காரணம். உங்கள் இடத்தில் இருந்து பார்த்தால் அந்தச் சந்தேகம் எனக்கும் புரிகிறது. அப்படியானால் மற்ற அடையாளங்கள்தான் எங்களுக்குக் கதி. அவை எங்கள் வீட்டில் என்ன உருவத்தில் இருக்கின்றன என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

பெயரிலிருந்து தொடங்கலாம், உங்கள் படிவமும் அங்கிருந்துதான் தொடங்குகிறது. முதல் கட்டத்தில் குடும்பப் பெயர் கேட்கிறீர்கள். எங்கள் இரண்டு வீட்டிலும் யாருக்கும் குடும்பப் பெயர் கிடையாது. என் பெயருக்கு முன்னால் என் அப்பாவின் முதல் எழுத்து, அவர் பெயருக்கு முன்னால் மாமாவின் முதல் எழுத்து. பாஸ்போர்ட்டில் இனிஷியல் செல்லாது, விரித்து எழுதியாக வேண்டும். ஆகவே தாளில் பார்த்தால் எனக்கும் என் கணவருக்கும் பொதுவாக ஒரு சொல்கூட இல்லை. கல்யாணம் ஆனதும் நான் பெயரை மாற்றிக்கொள்ளவில்லை. மாற்ற வேண்டும் என்று எங்கள் சட்டத்திலும் இல்லை.

சரி, திருமணச் சான்று இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டம் வந்த பிறகு எந்தத் திருமணத்தையும் பதிவு செய்தாக வேண்டும். கோயிலில் தாலி கட்டிய மறுமாதமே சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போய்ப் பதிந்துவிட்டோம். சிக்கல் அங்கே இல்லை. அவர் பெயரில் ஒரு ழகரம் இருக்கிறது. பாஸ்போர்ட்டில் அது ஆங்கிலத்தில் ‘இசட் எச்’. திருமணச் சான்றில் ‘எல்’. வங்கிக் கணக்கில் இரண்டு ‘எல்’. ஒரே ஆள், மூன்று ழ. எங்கள் ஊர்க்காரர்களிலேயே பாதிப் பேருக்கு நாக்கில் வராத எழுத்து அது. அதைச் சரியாக எழுதவில்லை என்று குமாஸ்தாவைக் கோபித்து என்ன பயன்? மூன்று பெயரும் ஒருவருடையதே என்று முத்திரைத்தாளில் உறுதிமொழி எழுதி, நோட்டரியிடம் கையெழுத்து வாங்கி வைத்தோம். உங்கள் பட்டியலில் அப்படி ஒரு தாள் இல்லை. ஆனால் அது இல்லாவிட்டால் மற்ற எந்தத் தாளும் இன்னொரு தாளோடு ஒட்டாது.

அடுத்தது பணம். இங்கேதான் முதல் தடவை நாங்கள் விழுந்தோம்.

2025 ஏப்ரலில் முதல் விண்ணப்பம் கொடுத்தோம். ஆறு மாத வங்கிக் கணக்கு, வங்கி முத்திரையோடு. அதில் பிப்ரவரி வரைக்கும் சின்னச் சின்ன வரவுகள்தான். கல்லாப் பணத்தை வாரம் இரண்டு முறை கட்டுவார், 18,000, 22,000, மார்கழியில் அதுவும் இல்லை. இருப்பு சுமாராக 1,90,000 ரூபாய். பிப்ரவரி நடுவில் ஒரே நாளில் 2,55,000 வரவு. மூன்று வாரம் கழித்து ஒரே நாளில் 2,00,000 பற்று.

இதைப் பார்த்ததும் உங்களுக்கு என்ன தோன்றியிருக்கும் என்று எனக்குத் தெரியும். எங்கள் ஊரில் அதற்குப் ‘பேலன்ஸ் காட்டுவது’ என்று பெயர். விசாவுக்கு முன்னால் சித்தப்பாவிடமோ வட்டிக்கடையிலோ வாங்கிக் கணக்கில் போட்டு, ஸ்டேட்மென்ட் எடுத்துக்கொண்டு திருப்பிக் கொடுத்துவிடுவது. எங்களுக்கும் ஒருவர் அந்த யோசனை சொன்னார். அஞ்சு லட்சம் பத்து நாளைக்கு, கமிஷன் தனி. நான் வேண்டாம் என்றேன். அதற்கு நல்லொழுக்கம் காரணமில்லை, மாட்டிக்கொள்வோம் என்ற பயம்தான். ஆனால் செய்யாத வேலை செய்ததுபோலவே எங்கள் கணக்கில் பதிந்து கிடந்தது.

அது ஏலச் சீட்டுப் பணம். சீட்டு என்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் யாரும் இருக்கமாட்டார்கள், அதனால் நானே சொல்கிறேன். 20 பேர் சேர்கிறார்கள். ஆளுக்கு மாதம் 15,000, ஆக மாதம் மூன்று லட்சம். ஒவ்வொரு மாதமும் ஏலம். அவசரமாகப் பணம் வேண்டியவர் தள்ளிக் கேட்பார். எங்கள் வீட்டுக்காரர் பதினோராவது மாதத்தில் 45,000 தள்ளி எடுத்தார், கைக்கு வந்தது 2,55,000. தள்ளிய தொகையில் சீட்டு நடத்துபவரின் கமிஷன் போக மிச்சம் எல்லோருக்கும் பங்காகும், அடுத்த தவணையில் அந்த அளவு குறைத்துக் கட்டினால் போதும். இதற்கென்றே 1982இல் ஒரு மத்தியச் சட்டம் இருக்கிறது. அவர் சேர்ந்தது பதிவு பெற்ற சீட்டு, பாஸ்புத்தகம் உண்டு. எடுத்த பணத்தில் இரண்டு லட்சம் நாச்சியார்கோயில் விளக்குப் பட்டறைக்குப் போயிற்று, வைகாசி முகூர்த்தத்துக்குக் குத்துவிளக்கு எடுக்க. அதற்கும் பில் இருக்கிறது.

இப்போது இதைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள். சீட்டை எடுத்தவர் மீதி மாதங்களுக்குப் பணம் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அவருக்கு அப்போது ஒன்பது தவணை பாக்கி. எடுக்கும்போது இரண்டு பேர் ஜாமீன் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். ஒருவர் எதிர்வரிசையில் பூஜைச் சாமான் கடைக்காரர், இன்னொருவர் இரண்டு கடை தள்ளி எவர்சில்வர் கடைக்காரர். இவர் கட்டாவிட்டால் அவர்கள் தலையில் விழும். பெரியகடைத்தெருவில் ஜாமீன் போட்டவரை மாட்டிவிட்டு ஒருவர் வெளிநாட்டில் போய் ஒளிந்துகொண்டால், அவர் அப்பா மறுநாள் கடை திறக்க முடியாது. அவர் திரும்பி வருவார் என்பதற்கு எங்கள் வீட்டில் இருந்த ஆதாரங்களிலேயே உறுதியானது அந்தச் சீட்டுதான். உங்கள் கண்ணில் சந்தேகத்துக்கு இடமாகப் பட்ட வரியும் அதுவேதான்.

வருமான வரிக் கணக்கிலும் இப்படி ஒன்று. சின்ன வியாபாரிகள் முழுக் கணக்குப் புத்தகம் வைக்காமல், விற்றுமுதலில் ஒரு சதவீதத்தை லாபமாகக் காட்டி வரி கட்டலாம் என்று எங்கள் 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் 44ஏடி என்றொரு பிரிவு. ரொக்க விற்பனைக்கு 8 சதவீதம், வங்கி வழியாக வந்தால் 6. அறுபது லட்ச ரூபாய்க்கு வியாபாரம் நடந்தாலும் ரொக்கமாகவே நடந்தால் கணக்கில் வருமானம் 4,80,000 என்றுதான் வரும். தாளில் அந்த ஓர் எண் மட்டும்தான் உங்களுக்குத் தெரியும். சென்னையில் ஐடி கம்பெனியில் வேலை பார்ப்பவரின் சம்பளச் சீட்டுக்குப் பக்கத்தில் வைத்தால் அது பரிதாபமாகத்தான் இருக்கும். அவருக்கு விடுப்புக் கடிதம் கொடுக்க ஒரு மனிதவள அலுவலகம் இருக்கிறது. என் கணவருக்கு லீவு கொடுப்பவர் மாமா. மாமா ஒரு கடிதம் எழுதித் தருகிறேன் என்றார், கடையின் லெட்டர்ஹெட்டில், ‘என் மகனுக்கு 21 நாள் விடுப்பு அளிக்கிறேன்’ என்று. சிரித்துவிட்டு விட்டுவிட்டோம். இரண்டாவது தடவை அதையும் வைத்தேன்.

சொத்து விஷயம் இன்னும் வேடிக்கை. வீட்டுப் பட்டா இன்னும் தாத்தா பெயரில். மூன்று சித்தப்பாக்களும் உட்கார்ந்து பேசினால்தான் மாறும், அந்த நாள் வரும்போது பார்க்கலாம். கடை இருப்பது கோயில் இடத்தில். கட்டடம் நம்முடையது, அடிமனை கோயிலுக்குச் சொந்தம், மாதாமாதம் அடிமனை வாடகை கட்ட வேண்டும். கும்பகோணத்தில் கடைத்தெருவில் இது சர்வசாதாரணம். ஆக, சொத்துப் பத்திரம் கேட்டால் காட்ட எதுவும் இல்லை. ஆனால் மூன்று தலைமுறையாக அதே இடத்தில் வாடகை கட்டியிருக்கிறோம்.

அதற்கு ரசீது இருக்கிறதா என்று நான் கேட்டபோது இங்கே மாலை, அங்கே இரவு பத்து மணி. கடையைச் சாத்திவிட்டு மாமா வீடியோ காலில் உட்கார்ந்திருந்தார். “இருக்கும்மா” என்று உள்ளே போனவர், ரசீது குத்தும் கம்பி நாலைத் தூக்கிக்கொண்டு வந்தார். அடிக்கட்டை, மேலே கூராக வளைந்த கம்பி, அதில் அடுக்கடுக்காகக் காகிதம். ஒரு கம்பிக்கு எட்டு ஒன்பது வருஷம். மேலே இருந்தவை வெள்ளை, போகப் போக மஞ்சள், அடியில் பழுப்பு. ஒவ்வொன்றாக உருவி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் தேதி படித்தார். கம்பி குத்திய ஓட்டை பல ரசீதில் சரியாக வருஷத்தின் மேலேயே விழுந்திருந்தது. “இது தொண்ணூத்தி... எட்டா, ஒன்பதா?” என்று வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்துப் பார்த்தார். ஓட்டை வழியாக ட்யூப்லைட் தெரிந்தது. நடுராத்திரி வரை உட்கார்ந்து முப்பத்தோரு ரசீதைப் பொறுக்கி எடுத்தோம், வருஷத்துக்கு ஒன்றாக. இரண்டு வருஷத்துக்குக் கிடைக்கவில்லை. எலி என்றார்.

முதல் தடவை இந்த ரசீதெல்லாம் ஃபைலில் இல்லை. இதெல்லாம் யாருக்கு வேண்டும் என்று நினைத்துவிட்டேன். அதற்குப் பதிலாக 140 பக்கம் சேர்த்திருந்தேன். என் பட்டப்படிப்புச் சான்றிதழ்கள், கல்யாண ஆல்பத்திலிருந்து இருபது படம், நாங்கள் பேசிய வாட்ஸ்அப் அழைப்புகளின் பட்டியல், கடை வாசலில் அவர் நிற்கும் போட்டோ. பொருளடக்கம் இல்லை, பக்க எண் இல்லை. இன்றைக்கு எடுத்துப் பார்த்தால் எனக்கே எரிச்சலாக இருக்கிறது. ஒரு நாளைக்கு எத்தனையோ ஃபைல் பார்க்கும் உங்களுக்கு எப்படி இருந்திருக்கும்!

ஆனாலும் ஒன்று செய்திருந்தேன். சீட்டைப் பற்றியும் ழகரத்தைப் பற்றியும் ஒரு பக்கத்துக்கு விளக்கக் கடிதம் எழுதி மேலே வைத்திருந்தேன். அவர் உழவன் எக்ஸ்பிரஸில் இரவெல்லாம் பயணம் செய்து, எழும்பூரில் இறங்கிக் குளித்துவிட்டு, விண்ணப்பம் வாங்கும் மையத்துக்குப் போனார். கவுன்டரில் இருந்த பெண் சரிபார்ப்புப் பட்டியலை வைத்து ஒவ்வொரு தாளாக டிக் அடித்தார். கடிதம் வந்ததும், “சார், இது லிஸ்ட்ல இல்ல” என்று எடுத்து அவர் கையிலேயே கொடுத்துவிட்டார். மரியாதையாகத்தான் சொன்னாராம். இவரும் வாதாடத் தெரியாமல் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஊருக்கு வந்துவிட்டார். உங்கள் மேசைக்கு வந்தது 139 பக்கம். வராத அந்த ஒரு பக்கம் இன்னும் எங்கள் வீட்டுப் பீரோவில் இருக்கிறது.

மே மாதம் பதில் வந்தது. எல்லா நாட்டுக்கும் பொதுவான ஒரு படிவம், வரிசையாகக் கட்டங்கள், ஒன்றில் மட்டும் குறி. விசா முடியும் முன் நாட்டைவிட்டு வெளியேறும் எண்ணம் குறித்து நியாயமான சந்தேகம் இருக்கிறது என்று பொருள். எதனால் சந்தேகம், எந்தத் தாளில் சந்தேகம் என்று ஒரு வரி இல்லை. மேல்முறையீடு செய்யலாம் என்று கீழே இருந்தது. 90 யூரோ கட்டணம் திரும்ப வராது, ரூபாயில் எட்டாயிரத்துக்கும் மேல். மையத்தின் கட்டணம் தனி. பணத்தைவிட வலித்தது இன்னொன்று. அன்றைக்குக் கடையில் யாரோ கேட்டதற்கு அவர், “விசா குடுக்கல, ஏதோ சந்தேகமாம்” என்று சொல்லிவிட்டார். அந்தத் தெருவில் சந்தேகம் என்ற சொல்லுக்கு வேறு எடை. கடன் கொடுக்கும் பட்டறைக்காரர் வரை போய்விட்டது.

உங்கள் விதியை அப்புறம் உட்கார்ந்து படித்தேன். ஆராய்ச்சிக்காரிக்கு வேறென்ன தெரியும். 21ஆம் பிரிவிலேயே இருக்கிறது: தகுந்த காரணம் இருந்தால் தூதரகம் விண்ணப்பதாரரை நேர்காணலுக்கு அழைக்கலாம், கூடுதல் ஆவணம் கேட்கலாம். 2013 டிசம்பரில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றமும் ஜெர்மனிக்கு எதிராக ஈரானியர் ஒருவர் தொடுத்த வழக்கில் இந்தச் சந்தேக விஷயத்தைத் தொட்டிருக்கிறது. திரும்பிப் போவார் என்று உறுதியாகத் தெரிந்தால்தான் விசா கொடுப்பேன் என்று ஒரு நாடு நிபந்தனை வைக்க முடியாது. திரும்பமாட்டார் என்று நியாயமாகச் சந்தேகிக்க இடம் இருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும், அதுவும் அந்த ஆளின் குடும்ப, சமூக, பொருளாதார நிலையை வைத்து. தீர்ப்பின் இந்தப் பகுதியைப் படித்துவிட்டு அவருக்கு போன் செய்தேன். “சீட்டப் பத்தி ஒரு கேள்வி கேட்டிருந்தா முடிஞ்சிருக்கும்ல?” என்றார். அவ்வளவுதான் விஷயம். இத்தனை பக்கம் நான் எழுதுவதும் அந்த ஒரு வரிக்காகத்தான்.

மேல்முறையீட்டுக்குப் போகவில்லை, ஆடி போய்விடும். ஜூனில் மறுபடி விண்ணப்பித்தோம். இந்தத் தடவை 61 பக்கம். கல்யாணப் படம் இரண்டே இரண்டு. வங்கிக் கணக்கில் அந்த 2,55,000க்கும் 2,00,000க்கும் எதிரே பென்சிலில் சின்ன எண், அதே எண்ணில் சீட்டுப் பாஸ்புத்தக நகல், ஜாமீன் தாள், பட்டறை பில். அடிமனை ரசீதுகள் வருஷ வரிசைப்படி. மேலே மூன்று பக்கக் கடிதம். மையத்தில் கடிதத்தை மறுபடி எடுத்துக் கொடுக்க வந்தபோது, இவர் நான் சொல்லி அனுப்பியபடி, “வேண்டாம்னா வேண்டாம்னு ஒரு தாள்ல எழுதிக் குடுங்க மேடம்” என்றிருக்கிறார். அந்தப் பெண் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து, ஃபைலில் சேர்த்துக்கொண்டார். பன்னிரண்டாம் நாள் விசா வந்தது. ஜூலை 19 வந்தார், ஆகஸ்ட் 8 திரும்பினார். ஆவணி முதல் முகூர்த்தத்துக்குக் கடையில் நின்றார்.

இப்போது உங்களிடம் கேட்பது இதுதான். மையத்தில் ஒப்படைக்கும் பட்டியலில் கடைசி வரியாக ‘விண்ணப்பதாரரின் விளக்கக் கடிதம்’ என்று ஒன்றைச் சேருங்கள், இரண்டு பக்கத்துக்கு மேல் வேண்டாம் என்று வேண்டுமானால் வரம்பு வையுங்கள். பட்டியலில் இருந்துவிட்டால் கவுன்டரில் இருப்பவர் திருப்பிக் கொடுக்க மாட்டார். அவரும் பாவம், பட்டியல்தான் அவருக்கு வேதம். விசா விண்ணப்பத்தை முழுக்க இணையத்துக்குக் கொண்டுபோக 2023 நவம்பரிலேயே சட்டம் போட்டுவிட்டீர்கள், அந்தப் பொது மேடை தயாராகிக்கொண்டிருக்கிறது. அதில் இரண்டு கட்டம் கூடுதலாக வையுங்கள். ஒன்று, ‘ஆவணங்களில் உங்கள் பெயர் வேறுவேறாக இருந்தால் ஏன்?’ இன்னொன்று, ‘கணக்கில் வழக்கத்தைவிடப் பெரிய வரவு இருந்தால் அது எங்கிருந்து வந்தது?’ பொய் சொல்பவர் அதிலும் பொய் சொல்வார், சரிதான். ஆனால் அவர் சொன்ன கதைக்குத் தாள் இருக்கிறதா என்று பார்க்க உங்களுக்கு ஒரு பிடி கிடைக்கும். இன்றைக்கு அதுகூட இல்லாமல் ஊகிக்கிறீர்கள்.

வந்தவர் திரும்பினாரா என்பதை இனிக் கணினியே சொல்லிவிடும். 2025 அக்டோபர் 12 முதல் எல்லையில் ரேகையும் முகமும் பதிந்து, உள்ளே வந்த நாளையும் வெளியே போன நாளையும் குறிக்கும் முறை படிப்படியாக வரத் தொடங்கியது. 2024 ஏப்ரலில் இந்தியர்களுக்கென்று ஒரு சலுகையும் கொடுத்தீர்கள்: மூன்று வருடத்துக்குள் இரண்டு விசா வாங்கி ஒழுங்காகப் பயன்படுத்தியவருக்கு அடுத்தது இரண்டு வருட விசா, அதன் பிறகு ஐந்து வருடம். நல்ல விஷயம், மனதாரச் சொல்கிறேன். போய்த் திரும்பியவரை நம்பத் தொடங்கிவிட்டீர்கள். முதல் முறை போகிறவருக்குத்தான் காட்ட எதுவும் இல்லை, வங்கிக் கணக்கில் இருக்கும் விளங்காத ஒரு வரியைத் தவிர. அவரிடம் மறுக்கும் முன் ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். ‘பிப்ரவரி 14 வரவுக்கு விளக்கம் தரவும், ஐந்து நாள் அவகாசம்’, இவ்வளவு போதும். எங்கள் ஊரில் ஐந்து நாளில் எந்தத் தாளையும் தேடி எடுத்துவிடுவோம், எலி மட்டும் மிச்சம் வைத்திருந்தால்.

அடுத்த வாரம் வரும் ஃபைலைப் பற்றி இரண்டு வார்த்தை. பயணம் மார்கழி முதல் பாதியில். பின்பாதியில் வரமாட்டார், பொங்கல் பானை வியாபாரம் இருக்கிறது. 23ஆம் பக்கத்தில் பழைய சீட்டின் கடைசித் தவணை ரசீது இருக்கும், நவம்பரோடு அது முடிகிறது. புதுச் சீட்டில் சேர்ந்துவிட்டார். அதை மட்டும் விசா வரும்வரை எடுக்காதீர்கள் என்று சொல்லியிருக்கிறேன், விளக்கு எடுக்கப் பணம் கொஞ்சம் முட்டும், பரவாயில்லை. 40ஆம் பக்கத்திலிருந்து அடிமனை ரசீதுகள். பழையவற்றில் நடுவில் ஓட்டை இருக்கும், ஜெராக்ஸில் அது கறுப்புப் புள்ளியாகத் தெரியும். இந்த வருஷத்து ரசீதுகளில் ஓட்டை இருக்காது. மாமா இப்போதெல்லாம் ரசீதைக் கம்பியில் குத்துவதில்லை, பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கல்லாவுக்கு அடியில் வைக்கிறார். ஏன் என்று கேட்டால், “விசாவுக்கு வேணும்ல” என்கிறார்.

இப்படிக்கு,
விண்ணப்பதாரரின் மனைவி